பழைய .38 ரிவால்வர்: இதற்குச் சரியான தோட்டா எது?

கேத்தி_கேரட் | செவ்வாய், இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். இங்கே படித்துவிட்டுப் போவதோடு சரி, இதுவரை எழுதியதில்லை. இப்போது ஒரு சிக்கல்.

அப்பா போன தை மாதம் காலமானார். அவர் பெயரில் உரிமத்தோடு ஒரு ரிவால்வர் இருந்தது. தாத்தா குன்னூர் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் தலைமைக் கணக்கர். 1957-இல் துரை சீமைக்குக் கிளம்பும்போது தாத்தாவுக்கு முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். தாத்தாவுக்கு அப்புறம் அப்பா, இப்போது நான். காரியம் முடிந்த வாரமே ஸ்டேஷனில் தகவல் சொல்லி, கோவையில் உரிமம் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்து ரசீது வாங்கியாகிவிட்டது. அதனால் அந்தக் கேள்வியோடு யாரும் வர வேண்டாம்.

வாரிசு உரிமத்துக்கு எழுதும்போது போர் (குழல் அளவு) என்ன, தோட்டா என்ன என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அப்பாவின் புத்தகத்தில் ".38 ரிவால்வர், 6 குண்டு" என்று மட்டும் உள்ளது. ".38-இல் நாலைந்து ரகம் உண்டு தம்பி, எது என்று தெரியாமல் நான் எழுதித் தர மாட்டேன்" என்கிறார் கடைக்காரர். சித்தப்பாவோ, "38 என்றால் 38 ஸ்பெஷல்தான், இதில் என்ன ஆராய்ச்சி" என்கிறார்.

கடையில் வைத்து எடுத்த படங்களில் தெரிவது இவ்வளவு. பேரல் 5 அங்குலம். சிலிண்டர் இடது பக்கமாக வெளியே திறக்கிறது. மேல் பட்டையில் "அமெரிக்க அரசின் உடைமை" என்ற பொருளில் ஆங்கில எழுத்து. பிடிக்கு அடியில் ஒரு வளையம், பக்கத்தில் 'வி' எழுத்தில் தொடங்கும் எண். பளபளப்பே இல்லாத சாம்பல் கறுப்பு. பேரலின் வலது பக்கத்தில் "38 எஸ் அண்ட் டபிள்யூ" வரை படிக்க முடிகிறது. அதற்கு அப்புறம் தோல் உறை தேய்த்துத் தேய்த்து மழுங்கிவிட்டது. கடைசியில் "சிடிஜி" மட்டும் தெரிகிறது. நடுவில் ஏதாவது இருந்ததா, வெறும் இடைவெளியா என்று சொல்ல முடியவில்லை.

நேற்று அம்மா பழைய டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது இன்னொன்று கிடைத்தது. பச்சைப் பாசி பிடித்த மாதிரி 4 தோட்டா, 3 வெற்றுக் கூடு. தோட்டாவின் அடியில் 'கே', 'எஃப்', நடுவில் ஒரு அம்பு, அப்புறம் 380. கூடுகளில் "38 ஸ்பெஷல்".

ஒரே பெட்டிக்குள் இரண்டு பெயர். எது சரி?


கூடலூர்_தோக்கு | செவ்வாய், இரவு 9.40

சித்தப்பா சொல்வதுதான் சரி. கூடே சாட்சி சொல்கிறதே! உங்கள் அப்பா 38 ஸ்பெஷல் போட்டுச் சுட்டிருக்கிறார், வெடித்திருக்கிறது, அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் மாமாவிடமும் இப்படி ஒன்று இருந்தது, எது கிடைத்ததோ அதைப் போடுவார். படிவத்தில் 38 ஸ்பெஷல் என்று எழுதிவிட்டு வேலையைப் பாருங்கள்.


நெறியாளர் | செவ்வாய், இரவு 9.58

தொடரும் முன் ஒரு வார்த்தை. துப்பாக்கியை ஒப்படைத்தது நல்லது. அந்த 4 தோட்டாக்களும் அதே கணக்கில்தான் வரும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு துப்பாக்கியோடு நிற்பதில்லை, தோட்டாவுக்கும் அதே விதிதான். உரிமதாரர் இறந்தபின் தாமதிக்காமல் ஸ்டேஷனிலோ உரிமம் உள்ள டீலரிடமோ சேர்க்க வேண்டும். நாளைக்கே ஸ்டேஷனில் சொல்லிவிட்டு எடுத்துப் போங்கள்.

மற்றவர்களுக்கு: விற்பது, வாங்குவது, எங்கே கிடைக்கும் என்பது இந்த இழையில் வேண்டாம். அடையாளம் காண்பது மட்டும்.


கேத்தி_கேரட் | செவ்வாய், இரவு 10.05

ஐயோ, அது தோன்றவே இல்லை. நாளைக் காலை முதல் வேலை அதுதான். நன்றி.


வெர்னியர் | செவ்வாய், இரவு 10.51

மேட்டுப்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். துப்பாக்கி வேலைக்கு எனக்கு உரிமம் கிடையாது, அளவு மட்டும் தெரியும். அதனால் அளவைப் பற்றியே பேசுகிறேன்.

முதலில் .38 என்ற எண்ணை நம்புவதை விடுங்கள். கடையில் "முக்கால் இஞ்ச் பைப்" கேட்டு வாங்கி வந்து ஸ்கேல் வைத்துப் பாருங்கள், உள்ளே வெளியே எங்கேயும் முக்கால் இஞ்ச் இருக்காது. அது பெயர், அளவு இல்லை. தோட்டாவிலும் அப்படித்தான். பழைய காலத்தில் ஈயக்குண்டு பித்தளைக் கூட்டின் வெளி அளவுக்கே பருமனாக இருந்தது. பிறகு குண்டைக் கூட்டுக்குள் இறக்கினார்கள். குண்டு சிறுத்தது, பெயர் அப்படியே நின்றுவிட்டது. அதனால்தான் .38 என்று சொல்லும் எதிலும் குண்டு .38 அங்குலம் இல்லை.

இப்போது உங்கள் இரண்டு பெயர்கள்.

38 எஸ் அண்ட் டபிள்யூ, அதாவது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்: 1870-களில் வந்த பழைய, குட்டைத் தோட்டா. கூட்டின் நீளம் 19.7 மி.மீ., அடிப்பகுதி விட்டம் 9.8 மி.மீ., குண்டு 9.17 மி.மீ. இதே கூட்டில்தான் பிரிட்டிஷ் ராணுவம் தன் தோட்டாவைச் செய்து .380 என்று பெயர் வைத்தது. அம்பு போட்ட உங்கள் தோட்டாக்கள் அதுதான்.

38 ஸ்பெஷல்: 1890-களின் கடைசியில் வந்தது. கூடு 29.3 மி.மீ. நீளம், அடிப்பகுதி 9.63 மி.மீ., குண்டு கிட்டத்தட்ட 9.1 மி.மீ.

கவனித்தீர்களா? ஸ்பெஷல் ஒரு சென்டிமீட்டர் நீளம், ஆனால் ஒல்லி. சிலிண்டரில் தோட்டா உட்காரும் துளையைத்தான் அறை என்கிறோம். குட்டையான அறைக்குள் ஸ்பெஷலைப் போட்டால் 20 மி.மீ. வரை போய் அங்கிருக்கும் படியில் முட்டி நிற்க வேண்டும். சிலிண்டர் மூடாது. பெயரில் ஒரு சொல் கூடினால் அது வேறு தோட்டா.

கூடலூர் அண்ணா, வெடித்தது என்பதற்கும் சரியான தோட்டா என்பதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. கேத்தி தம்பி, அந்த மூன்று கூடுகளையும் பக்கவாட்டில் வைத்துப் படம் எடுத்துப் போட முடியுமா?


மன்னவனூர் | செவ்வாய், இரவு 11.20

கொடைக்கானல் பக்கத்திலிருந்து ஒரு குறுக்குச் சால். எங்கள் பெரியப்பா வீட்டில் ஒரு குட்டி ரிவால்வர் இருந்தது. முட்டை வடிவ வட்டத்துக்குள் 'இ', அதற்குக் கீழே 'எல்ஜி', அதற்குக் கீழே ஒரு நட்சத்திரம், மேலே கிரீடம். இருபது வருடம் நாங்கள் எல்ஜி என்பதைக் கம்பெனிப் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பிறகுதான் தெரிந்தது, அது பெல்ஜியத்து லியேஜ் நகரச் சோதனைச் சாலையின் முத்திரை. குழல் அழுத்தம் தாங்கும் என்று சோதித்துப் போட்டது. யார் செய்தார்கள், என்ன தோட்டா என்று அது ஒன்றும் சொல்லாது. கிரீடம் 1893-க்குப் பிறகு சேர்ந்தது என்பதால் வயதுக்கு மட்டும் ஒரு தடயம்.

கேத்தி, உங்களுடையதில் இப்படி ஏதாவது முத்திரை உண்டா?


கேத்தி_கேரட் | புதன், காலை 7.02

கிரீடம், முட்டை எதுவும் இல்லை. ஆனால் பிரேமில் சின்னச் சின்ன எழுத்துகள் இருக்கின்றன, படத்தில் தெளிவில்லை.

கூடுகளின் படம் போட்டிருக்கிறேன். நேற்று பாசி என்று நினைத்துத் துடைத்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: மூன்றுமே அடிப்பக்கம் பருத்திருக்கின்றன, வாய்ப்பக்கம் சாதாரணமாக இருக்கிறது. ஒன்றில் நீளவாக்கில் விரிசல்.

இந்த மூன்றின் கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் ஐந்தாவது படிக்கும்போது எஸ்டேட் இலைக் கொட்டகைக்குள் கரடி புகுந்துவிட்டது. உள்ளே இரண்டு பெண்கள். அப்பா வெளியே நின்று வானத்தைப் பார்த்து மூன்று முறை சுட்டார். கரடி ஓடிவிட்டது. அப்பாவுக்கு இரண்டு நாள் மணிக்கட்டு வலி. "தோட்டா கொஞ்சம் காரம்" என்று சிரிப்பார். அவர் வாழ்நாளில் சுட்டது அவ்வளவுதான்.


அருவங்காடு_ஓய்வு | புதன், காலை 10.30

தம்பி, நான் கார்டைட் என்ற வெடிமருந்து செய்யும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரிவால்வர் என் துறை இல்லை, மருந்துதான் என் துறை. ஆனாலும் உங்கள் வர்ணனை ஒரு குறிப்பிட்ட கைத்துப்பாக்கியை அப்படியே காட்டுகிறது.

அது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 'விக்டரி' மாடல். இரண்டாம் உலகப்போரின்போது, 1942 முதல் 1945 வரை செய்தது. எண்ணின் முன்னால் வரும் 'வி' அந்த விக்டரிதான். சாம்பல் கறுப்பு பூச்சு போர்க்கால அவசரம். மெருகு போட நேரமில்லை. பிடியின் வளையம் கயிறு கட்டித் தோளில் மாட்ட. மேல் பட்டை எழுத்து, அமெரிக்கா நேச நாடுகளுக்குக் கடனாகக் கொடுத்த தளவாடம் என்பதற்கு அடையாளம். முக்கியமான தடயம் பேரல் நீளம்: அமெரிக்கக் கடற்படைக்குப் போனது 4 அங்குலம், 38 ஸ்பெஷல். பிரிட்டிஷ் பக்கம் வந்தது பெரும்பாலும் 5 அங்குலம், .380. நம் ஊரில், ஒரு துரையின் கையில், 5 அங்குலத்தில் இருந்தது என்றால் அந்த மழுங்கிய இடத்தில் "ஸ்பெஷல்" என்ற சொல் இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

அந்த நாலு தோட்டாவைப் பற்றி. 'கே', 'எஃப்', நடுவில் அம்பு என்றால் புனே பக்கத்துக் கிர்க்கீ, இப்போதைய கட்கி, தோட்டாத் தொழிற்சாலை. 380-க்குப் பின்னால் ரோமன் எண் II, அதையொட்டி ஒரு 'இசட்' இருக்கிறதா பாருங்கள். 'இசட்' இருந்தால் உள்ளே நைட்ரோசெல்லுலோஸ் மருந்து. இல்லாவிட்டால் கார்டைட். எங்கள் ஆலை 1900-களின் தொடக்கத்தில் இந்த மலைக்கு வந்ததே அந்தக் கார்டைட்டுக்காகத்தான். பார்க்கச் சேமியா மாதிரி இருக்கும். ஆரம்பக் கால கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் 58 பங்கு, துப்பாக்கிப் பஞ்சு 37 பங்கு, வாசலின் 5 பங்கு. ஆமாம், கை வெடிப்புக்குத் தடவுகிறோமே, அந்த வகை வாசலின்தான்.

இன்னொன்று. குண்டு ஈயமா, மேலே உலோக உறை போட்டதா? முதலில் வந்த .380 தோட்டாவில் 200 கிரெயின் ஈயக்குண்டு, கிட்டத்தட்ட 13 கிராம். உறையில்லாத ஈயம் போர் ஒப்பந்தங்களுக்கு ஒத்துவராது என்ற தயக்கத்தில் 1930-களின் பிற்பகுதியில் 178 கிரெயின் உறைக் குண்டுக்கு மாறினார்கள்.


துவக்கு_பேரன் | புதன், காலை 11.15

ஐயா எழுதியதைப் படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. கோத்தகிரியிலிருந்து நான். எங்கள் தாத்தா பாட்டி சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் கண்டியிலிருந்து வந்தவர்கள். வீட்டில் துப்பாக்கி என்றே யாரும் சொல்ல மாட்டார்கள், துவக்குதான். கூடலூர் அண்ணன் தோக்கு என்கிறார். கடைக்காரர் கன் என்கிறார். ஒரு சாமானுக்கே இத்தனை பெயர் என்றால் .38-க்கு நாலு பெயர் இருப்பதில் ஆச்சரியமில்லை.

கேத்தி, கடைக்குப் போகும்போது வெறும் ".380" என்று வாயால் கேட்காதீர்கள். பிஸ்டல்காரர்கள் .380 என்று சொல்வது வேறு. அது 9 மி.மீ. ஷார்ட் என்கிற விளிம்பில்லாத பிஸ்டல் தோட்டா. எண் ஒன்றுதான், சாமான் வேறு.


குன்னூர்_மழை | புதன், மதியம் 12.08

இதே கதை .32-இலும் இருக்கிறது. என் கணவருக்குக் கான்பூரில் செய்த .32 ரிவால்வர் உரிமம் உண்டு. அதற்கு .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் தோட்டா. இஷாப்பூரில் செய்யும் அஷானி பிஸ்டலும் .32தான், ஆனால் அதன் தோட்டா வேறு. முதல் தடவை கடையில் "32 கொடுங்க" என்றதும் அந்தப் பெரியவர், "ரிவால்வருக்கா பிஸ்டலுக்கா, அதைச் சொல்லும்மா முதலில்" என்று அதட்டினார். அப்போது கோபம் வந்தது. பிஸ்டல் தோட்டா அந்த ரிவால்வர் அறைக்குள் போய் உட்கார்ந்துவிடும், ஆனால் அழுத்தம் அதிகம் என்று பின்னால் தெரிந்தபோது அவரைக் கும்பிடத் தோன்றியது. போய் உட்கார்வதுதான் ஆபத்து. உட்காராவிட்டால் யாரும் சுடவே மாட்டார்களே.


கூடலூர்_தோக்கு | புதன், மதியம் 1.30

சரி, எல்லோரும் சேர்ந்து என்னை ஒரு வழி செய்துவிட்டீர்கள். ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அது .380 துப்பாக்கி, ஸ்பெஷல் உள்ளே போகவே போகாது என்கிறீர்கள். பிறகு அவர் அப்பா மூன்று ஸ்பெஷலை எப்படிச் சுட்டார்? கூடு இருக்கிறது, கரடி ஓடியிருக்கிறது.


வெர்னியர் | புதன், மதியம் 2.15

இந்த இழையில் வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான் அண்ணா. நானும் காலையிலிருந்து அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கூடுகளின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பருமன் அடியிலிருந்து மேலே போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையவில்லை. ஓர் இடத்தில் சட்டென்று நின்று, அதற்கு மேல் ஒழுங்காக இருக்கிறது. கூட்டின் முழு நீளம் 29 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் அந்தக் கோடு அடியிலிருந்து 20 மி.மீ. அளவில் விழுகிறது. பழைய குட்டை அறையின் நீளமும் அதேதான்.

என் சந்தேகம்: யாரோ அந்தச் சிலிண்டரைக் குடைந்திருக்கிறார்கள். முன்னால் இருந்த படியை வெட்டி எடுத்து ஸ்பெஷல் நுழையும்படி நீட்டியிருக்கிறார்கள். போருக்குப் பின் இந்த வகைத் துப்பாக்கிகள் வெளிநாடுகளில் மலிவாக விற்பனைக்கு வந்தபோது ஏராளமானவற்றுக்கு இப்படிச் செய்தார்கள், ஸ்பெஷல் எங்கும் கிடைக்கும் என்பதால். முன்பகுதியைக் குடையலாம். பின்பகுதி ஏற்கெனவே ஸ்பெஷலுக்கு அகலம், அதை யாரும் ஒடுக்க முடியாது. அங்கே கூடு 0.2 மி.மீ. லொடலொடவென்று கிடக்கும். சுடும்போது பித்தளை அந்த இடைவெளியை நிரப்பப் பார்க்கும். பருக்கும். சில சமயம் கிழியும். கிழிந்தால் சூடான வாயு பின்பக்கமாக வரும், முகம் இருக்கிற பக்கமாக.

அழுத்தத்தையும் சேர்த்துப் பாருங்கள். பழைய தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அளவு சதுர அங்குலத்துக்கு 14,500 பவுண்டு. ஸ்பெஷலுக்கு 17,000. அப்பா "காரம்" என்றது வெறும் பேச்சில்லை.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது மூன்று விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் கை வைக்க வேண்டாம், அவர்களிடம் உரிமம் உள்ள மெக்கானிக் இருப்பார். ஒன்று, பிடியில் உள்ள எண் சிலிண்டரின் பின்முகத்திலும் பேரலின் அடியிலும் அதே எண்ணாக இருக்கிறதா? ஒத்துப்போனால் சிலிண்டர் மாற்றப்படவில்லை, அதே சிலிண்டரைத்தான் குடைந்திருக்கிறார்கள். இரண்டு, அறையின் பின்வாய் விட்டம். 9.67 என்றால் பிறவியிலேயே ஸ்பெஷல். 9.87 என்றால் பிறவியில் .380. மூன்று, அச்சு எடுப்பது.

அச்சுக்கு 'செர்ரோசேஃப்' என்று ஓர் உலோகக் கலவை உண்டு, பிஸ்மத் கலந்தது. 70 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். வெந்நீரே போதும். குன்னூர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதுவும் போதும். அறையில் ஊற்றி ஆறவிட்டால் முதல் அரை மணி நேரம் சுருங்கும், அப்போது எளிதாக வெளியே வந்துவிடும். பிறகு மெல்ல விரியும். ஊற்றி ஒரு மணி நேரத்தில் அளந்தால் அறையின் அளவே கிடைக்கும். நாள் கணக்கில் வைத்துவிட்டு அளந்தால் கூடுதலாகக் காட்டும். அவசரக்காரனுக்கும் சோம்பேறிக்கும் தப்பான அளவுதான்.


அருவங்காடு_ஓய்வு | புதன், மாலை 4.40

வெர்னியர் தம்பி சொன்னதோடு இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நாலு பழைய தோட்டாவைத் துப்பாக்கியில் போட்டு "சரியாக உட்காருகிறதா" என்று யாரும் பார்க்கக் கூடாது, கடையிலும். உயிருள்ள தோட்டா அளவுகோல் இல்லை. மருந்து இல்லாத டம்மி வைத்துத்தான் பார்ப்பார்கள். தோட்டாவின் அடியில் தீ மூட்டும் பிரைமர் பழையதானால் சில சமயம் அடித்தவுடன் வெடிக்காமல் ஒரு நொடி, இரண்டு நொடி கழித்து வெடிக்கும். "வெடிக்கவில்லையே" என்று திருப்பிப் பார்க்கிறவனின் கதை என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பச்சையாக இருப்பது பாசியும் இல்லை, பித்தளைக் களிம்பு. தோல் உறையிலும் தோல் வாரிலும் தோட்டாவை வைத்தால் பதனிட்ட தோலின் அமிலம் அப்படிச் செய்யும். நம் மலை ஈரத்தில் கேட்கவே வேண்டாம்.

இரண்டாவது, எண்ணில் 'வி' மட்டும்தானே, 'எஸ்வி' இல்லையே? 1944 கடைசியில் ஒரு கப்பலில் கைதவறி விழுந்த விக்டரி ரிவால்வர் தானே வெடித்து ஒரு மாலுமி இறந்தார். அதற்குப் பிறகு சுத்தியல் தடுப்பை மாற்றிச் செய்து எண்ணின் முன் 'எஸ்' சேர்த்தார்கள். உங்களுடையது வெறும் 'வி' என்றால் பழைய தடுப்பு. யார் கையில் இருந்தாலும் சுத்தியலுக்கு நேரே உள்ள அறை காலியாக இருக்க வேண்டும்.


கேத்தி_கேரட் | வெள்ளி, இரவு 8.25

இரண்டு நாள் அலைச்சல். வரிசையாகச் சொல்கிறேன்.

புதன்கிழமையே ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, 4 தோட்டாவையும் 3 கூட்டையும் கடையில் ஒப்படைத்தேன். கடைக்காரர் அடியைப் பார்த்தார். II இருக்கிறது, 'இசட்' இல்லை. அப்படியென்றால் கார்டைட். குண்டுக்கு வெள்ளை உலோக உறை இருக்கிறது.

மெக்கானிக் பெரியவர் ஒருவர், எழுபதைத் தாண்டியவர். வெர்னியர் அண்ணன் எழுதியதை நான் போனில் வாசித்துக் காட்டினேன். "மேட்டுப்பாளையத்துக்காரனா? சரியாத்தான் சொல்றான்" என்று சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

எண் மூன்று இடத்திலும் ஒன்றே. வெறும் 'வி'தான். பின்வாய் ஆறு அறைகளிலும் 9.87, ஒன்றில் மட்டும் 9.88. ஸ்பெஷல் டம்மி ஒன்றைப் போட்டார், தடையே இல்லாமல் விளிம்பு வரை வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. பிறகு அச்சு எடுத்தார். வெந்நீர் வைத்து, மெழுகு மாதிரி உருக்கி ஊற்றி, டீ குடித்து, சரியாக ஒரு மணி நேரம் கழித்து அளந்தார். அச்சு இரண்டு படியாக வந்தது. 20 மி.மீ. வரை பருமன், அதற்கு மேல் 29 வரை ஒல்லி. லென்ஸ் வைத்துக் காட்டினார். ஒல்லியான பகுதியில் கருவி சுற்றிய வரிகள் தெரிகின்றன, பருமனான பகுதி கண்ணாடி மாதிரி இருக்கிறது. "கீழே செஞ்சது கம்பெனிக்காரன், மேலே செஞ்சது வேற ஆள்" என்றார்.

எப்போது, யார் என்று தெரியவில்லை. துரை காலத்திலா, தாத்தா காலத்திலா? அப்பாவின் புத்தகத்தில் ஒரே ஒரு தடவை தோட்டா வாங்கிய பதிவு இருக்கிறது, கடை முத்திரை மங்கிப்போயிருக்கிறது. ".38, 6 எண்ணம்" என்றுதான் அதிலும்.

கரடியன்று அப்பா முகத்துக்கு நேரே கையை நீட்டிச் சுடாமல் வானத்தைப் பார்த்துச் சுட்டாரே, அதை இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

ஆக, இதற்குச் சரியான தோட்டா எது என்று பெரியவரைக் கேட்டேன். "பொறந்தப்ப .380. இப்ப எதுவுமில்ல" என்றார்.


துவக்கு_பேரன் | வெள்ளி, இரவு 8.50

அப்படியானால் .380 தோட்டாவே போட்டால்? குட்டைதானே, பின்பகுதி அளவு சரியாகத்தானே இருக்கிறது?


வெர்னியர் | வெள்ளி, இரவு 9.20

பின்பகுதி பிடித்துக்கொள்ளும், உண்மைதான். ஆனால் குண்டு கூட்டை விட்டுக் கிளம்பியதும் அதைப் பிடித்து நடுவில் செலுத்த வேண்டிய இடம் 9.67-ஆக அகலப்பட்டிருக்கிறது. 9.17 குண்டு அந்த ஒரு சென்டிமீட்டரில் தள்ளாடி, சாய்ந்து பேரலுக்குள் நுழையும். வெடித்துச் சிதறாது என்று வேண்டுமானால் சொல்லலாம், நல்லது என்று சொல்ல மாட்டேன். அதோடு குடைந்தபோது இரும்பு எவ்வளவு போயிற்று, அறைகளுக்கு நடுவில் சுவர் எவ்வளவு மிச்சம் என்பதையும் பார்க்க வேண்டும். பெரியவர் சொன்னதுதான் சரி.


குன்னூர்_மழை | வெள்ளி, இரவு 9.45

எல்லோரும் இரும்பைப் பற்றியே பேசுகிறீர்கள், காகிதத்தைப் பற்றியும் கொஞ்சம் பேசுங்கள். மத்திய அரசின் ஆயுத விதிகளில் .380, .455 விளிம்புத் தோட்டாக்களைச் சுடக்கூடிய ரிவால்வர்கள் தனி வகையில் வருகின்றன, பேச்சு வழக்கில் 'தடைசெய்யப்பட்ட போர்', அதாவது தடைசெய்யப்பட்ட குழல் அளவு. ராணுவத் தோட்டா என்பதால். அந்த வகைக்கு உரிமம் தருவது கலெக்டர் இல்லை, மத்திய உள்துறை. ஊட்டி அலுவலகத்தில் கொடுக்கும் மனுவில் 38 ஸ்பெஷல் என்று எழுதுவதா .380 என்று எழுதுவதா என்பதற்கு இவ்வளவு எடை இருக்கிறது. சித்தப்பா பேச்சைக் கேட்டு ஒரு சொல்லைச் சேர்த்து எழுதியிருந்தால், பிற்பாடு யாராவது அளந்து பார்க்கும்போது மாட்டுவது நீங்கள்தான்.


கூடலூர்_தோக்கு | வெள்ளி, இரவு 10.02

நானும்தான் அதையே எழுதச் சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள் தம்பி. மாமாவின் சமாச்சாரத்தையும் இப்போது யோசிக்க வேண்டியிருக்கிறது. அவருடையது இன்னும் அத்தை வீட்டுப் பீரோவில்தான் இருக்கிறது, உரிமம் என்றைக்கோ காலாவதி.


நெறியாளர் | வெள்ளி, இரவு 10.10

கூடலூர் அண்ணா, 21-ஆம் பிரிவு. நாளைக் காலை. அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.


மன்னவனூர் | வெள்ளி, இரவு 10.31

சுட முடியாத அளவுக்கு ஆக்கிவிட்டு நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ள வழி இல்லையா?


அருவங்காடு_ஓய்வு | சனி, காலை 6.50

பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாத பழங்காலத்து ஆயுதத்துக்குச் சட்டத்தின் 45-ஆம் பிரிவில் விலக்கு உண்டு. ஆனால் இது 1940-களின் சாமான், சிலிண்டரை மாற்றினால் நாளைக்கே சுடும். அந்த விலக்கை நாமே நமக்குக் கொடுத்துக்கொள்ள முடியாது. எதையும் அறுப்பதும் அடைப்பதும் அனுமதி வாங்கிய பிறகு, உரிமம் உள்ளவர் கையால்தான்.


கேத்தி_கேரட் | அடுத்த வியாழன், இரவு 9.05

கடைசித் தகவல். மெக்கானிக் பெரியவர் கடைத் தாளில் எழுதித் தந்துவிட்டார்: "ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விக்டரி, மூலத் தோட்டா .380, அறைகள் பின்னாளில் 38 ஸ்பெஷல் நீளத்துக்குக் குடையப்பட்டுள்ளன, சுடத் தகுதியற்றது." அதை இணைத்து, உள்ளது உள்ளபடி எழுதி ஊட்டியில் மனு கொடுத்துவிட்டேன். அங்கிருந்த எழுத்தர் இரண்டு முறை படித்துவிட்டு, "இப்படி யாரும் எழுதிக் கொண்டு வந்ததில்லையே சார்" என்றார். முடிவு வரும்வரை ரிவால்வர் கடையிலேயே இருக்கும். கொடுக்கச் சொன்னால் கொடுத்துவிடுவேன். சித்தப்பா இன்னும் என்னோடு பேசவில்லை.

அம்மாவுக்கு ரிவால்வர் மேல் பெரிய பிடிப்பு இல்லை. "அந்தத் தோல் உறையையாவது வாங்கிட்டு வா, உங்க தாத்தா பேரு அதுல எழுதியிருக்கு" என்றார். உறைக்கு உரிமம் தேவையில்லையே, கடைக்காரர் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார். உள்பக்கம் முழுக்கப் பூஞ்சை. வெயிலில் காயவைக்க வேண்டும் என்று அம்மா மூன்று நாளாகக் காத்துக்கொண்டிருக்கிறார். கேத்தியில் மூன்று நாளாக மேகம்.


அருவங்காடு_ஓய்வு | அடுத்த வியாழன், இரவு 9.20

நேர் வெயில் வேண்டாம் தம்பி, தோல் வெடித்துவிடும். நிழலில் காற்றாட வையுங்கள். காய்ந்தபின் வாசலின் ஒரு துளி.